இருபத்து மூன்று குழாய்களும் ஒரு கோப்பும்

"13.3.1999, சனி. மாலை 5.40 முதல் 6.25 வரை. இருபத்து மூன்று குழாய்களிலும் அடைத்திருந்த காகிதம் அகற்றப்பட்டது. ஒவ்வொன்றும் ஊதிச் சோதிக்கப்பட்டது. எல்லாவற்றிலும் காற்று போகிறது. ஆயினும் ஐயம் தீரவில்லை."

என் நாட்குறிப்பில், என் கையெழுத்தில், பச்சை மையில் இருக்கிறது இது. யாரோ எழுதிச் சொருகிவிட்டார்கள் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

சந்தேகம் எனக்குப் பிறவிக்குணம். அதற்குச் சம்பளமும் கிடைத்தது. பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். பிறர் செய்த உதிரிபாகங்களை அளந்து பார்த்து, அவர்கள் முகத்தையும் ஒருமுறை பார்த்து, "திரும்பச் செய்" என்பதுதான் வேலை. மாலையில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் மற்றவர்கள் அடையாள அட்டையோடு வேலையையும் கழற்றிவிடுவார்கள். நான் அட்டையை மட்டும் கழற்றுவேன்.

அந்த நிலையில்தான் லிங்கராஜபுரத்தில் வீடு கட்ட ஆரம்பித்தோம். அதுவரை ஆஸ்டின் டவுனில் வாடகை வீடு. அங்கே மின் ஒயர்கள் எல்லாம் மரச்சட்டத்தின்மேல், சுவரில் பட்டவர்த்தனமாக ஓடும். ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடிப்பவர் அவற்றுக்கும் சேர்த்து அடித்துவிடுவார். புது வீட்டில் ஓர் அங்குல ஒயர்கூடக் கண்ணில் படக்கூடாது என்று என் மனைவி வசந்தாவிடம் அறிவித்தேன்.

அப்போது நகரில் எங்கே திரும்பினாலும் கம்ப்யூட்டர் பேச்சு. எதிர்கால வீடுகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்ததை ஏழு வண்ணப் பென்சில்களால் வரைபடமாக்கினேன். விளக்கு, விசிறி போக, எல்லா அறைக்கும் டெலிபோன். எல்லா அறைக்கும் கேபிள் டிவி. அறைக்கு அறை கம்ப்யூட்டர் இணைப்பு. வாசலில் நிற்பவரோடு மாடியிலிருந்து பேச ஒரு கருவி. திருடன் வந்தால் மணி. ஹால் மேல்தளத்தில் நான்கு ஒலிபெருக்கிகள். (அப்போது எங்களிடம் இருந்தவை: ஒரு டெலிபோன், ஒரு சிறிய டிவி, அதில் பாதி நேரம் பனிமழை. கம்ப்யூட்டர் கிடையாது. திருடனுக்கு ஆர்வமூட்டும் பொருளும் கிடையாது.)

எலெக்ட்ரீஷியன் மரியதாஸ் வரைபடத்தைக் கையில் வாங்கி, திருப்பி, மறுபடி திருப்பிப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும். அதே லிங்கராஜபுரத்துக்காரர்; பாதித் தெருவுக்கு அவர்தான் ஒயரிங்.

"இன்னா சார் இது, வீடா, டெலிபோன் எக்சேஞ்சா?"

"முடியுமா, முடியாதா?"

"முடியும் சார். வெளிய காட்டிக்காம செய்றதுதான நம்ம வேலை."

வெளியே காட்டிக்கொள்ளாமல். இந்தச் சொல் என் மூளையில் போய் உட்கார்ந்துகொண்டது. தொழிற்சாலையில் எதுவும் வெளியே தெரிய வேண்டும். தெரியாததற்குத்தான் நாங்கள் சிவப்புச் சீட்டு ஒட்டுவோம். போதாக்குறைக்கு, உடன் வேலை செய்தவர் ஒருவர் மதியச் சாப்பாட்டின்போது ஒரு கதை சொன்னார். அவருடைய மைத்துனர் வீட்டில் ஒயர் போகும் குழாய் இரண்டே அடிதானாம். அதற்குமேல் வெறும் சிமென்ட். யாரும் உள்ளே பார்க்காதபடி எலெக்ட்ரீஷியன் குழாய் வாயில் காகிதத்தைத் திணித்து வைத்திருந்தானாம். அந்த மைத்துனர் வீட்டை நான் பார்த்ததில்லை. அப்படி ஒரு மைத்துனர் இருக்கிறாரா என்றுகூடக் கேட்கவில்லை. என் சந்தேகத்திலிருந்து தப்பிய ஒரே விஷயம் அந்தக் கதைதான்.

அன்று முதல் மரியதாஸைக் கண்காணித்தேன். அவர் குழாய் வெட்டினால் நான் துண்டை அளந்தேன். அவர் விசிலடித்தால், எதை மறைக்க இந்தப் பாட்டு என்று யோசித்தேன்.

பக்கத்து மனையில் வீடு கட்டத் தயாராகிக்கொண்டிருந்தவர் நஞ்சுண்டப்பா, ஓய்வுபெற்ற கன்னட வாத்தியார். மூன்று மாடி. அந்த ஒயரிங் வேலையை மரியதாஸுக்குத் தருவதாக இருந்தார். அந்த வருடம் முழுக்க மரியதாஸுக்குச் சோறு போடக்கூடிய வேலை அது. மகள் கல்யாணத்தை அதை நம்பித்தான் பேசியிருக்கிறார் என்று வசந்தாவுக்குத் தெரியும். எனக்கும் சொன்னாள். நான் நஞ்சுண்டப்பாவைத் தனியே அழைத்து, "கொஞ்சம் பொறுங்க சார். என் வீட்டுல எப்படிச் செய்யறார்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க. எனக்கு மனசு சரியில்ல" என்றேன். அவர் பொறுத்தார். மனிதரின் பிழைப்பை ஒரு வாக்கியத்தில் நிறுத்திவைத்துவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன்.

மார்ச் 14, ஞாயிற்றுக்கிழமை, கூரைக்குக் கான்கிரீட் போட நாள் குறித்திருந்தது. முந்தின நாளே கம்பி கட்டி, அதன் ஊடே குழாய்களைப் படுக்கவைத்து, ஒவ்வொன்றின் இரண்டு வாயையும் சுவர் உச்சியில் கொண்டுவந்து விட்டிருந்தார் மரியதாஸ். எல்லா வாயிலும் சிமென்ட் மூட்டைக் காகிதம். அதன்மேல் கருப்பு டேப்.

"நாளைக்குத் தவக்காலத்து ஞாயிறு சார். சர்ச்சுல பூசைக்குப் போவணும். அதான் இன்னைக்கே எல்லாத்தையும் அடச்சிட்டேன். மத்தியானமா வந்து பாக்கறேன். அதுவரைக்கும் யாரும் கை வெக்க வேணாம்."

யாரும் கை வைக்க வேண்டாம் என்று என்னிடம் சொல்வது, பூனையிடம் மீன் இருக்கும் அலமாரியைக் காட்டி, இதைத் திறக்காதே என்பது போல. அவர் சைக்கிள் தெருமுனை திரும்பியதும் ஏணியில் ஏறினேன். வசந்தாவையும் ஏறச் சொன்னேன்.

முறை எளிது. ஒரு முனையில் நான் ஊதுவேன். மறுமுனையில் அவள் உள்ளங்கையை வைப்பாள்.

"வருதா?"

"வருது."

"எவ்வளவு வருது?"

"காத்துக்கு என்னங்க அளவு சொல்றது? வருது, அவ்ளோதான்."

அடுத்த மனையிலிருந்து நஞ்சுண்டப்பா அண்ணாந்து பார்த்தார். "ஏனு ஸ்வாமி, கிருகப்பிரவேசத்துக்கு நாதஸ்வரமும் நீங்களேதானா?"

இருபத்து மூன்றிலும் காற்று வந்தது. நியாயமாக, அந்த நிமிடம் மரியதாஸ் குற்றமற்றவர் என்று தீர்ந்துவிட்டது. ஆனால் நிரபராதி என்று தெரிந்ததும் சந்தேகம் இன்னும் கூர்மையாகும் என்பது என் அனுபவம். சரியாக இருக்கிற குழாய்க்குக் காகிதம் எதற்கு? நாளைக்கு அதைக் காரணம் காட்டி, ஒயர் போகவில்லை என்பதற்கா?

"எடுத்ததைத் திரும்ப வெச்சிடுங்க," என்றாள் வசந்தா.

"காகிதம் ஈரத்தை இழுக்கும். குழாய்க்குக் காற்றோட்டம் வேணும்," என்றேன். (எந்தப் புத்தகத்தில் படித்தேன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிச்சயம் ஒரு பெயர் சொல்லியிருப்பேன்.)

அகற்றிய காகித உருண்டைகளை வீட்டுக்குக் கொண்டுபோய், ஒவ்வொன்றையும் நீவி, எண் போட்டு, எந்தக் குழாய், எந்த அறை, எத்தனை மணி என்று எழுதி ஒரு கோப்பில் வரிசையாக வைத்தேன். பின்னால் சாட்சியம் வேண்டியிருக்கும் என்ற தொலைநோக்கு.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மேஸ்திரி முனியப்பன் ஆட்களோடும் கலவை மெஷினோடும் வந்துவிட்டார். "மரியதாஸ் கடைசியா ஒரு தபா பாத்துட்டாரா சார்?" என்று கேட்டார்.

"நானே பாத்துட்டேன்," என்றேன். என் வாழ்க்கையிலேயே மிகக் கம்பீரமாகச் சொன்ன பொய் கலக்காத வாக்கியம் அது.

கலவை விழுந்தது. எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தோம்.

இருபத்து நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 7, புதன்கிழமை, கூரையைத் தாங்கியிருந்த பலகைகளைப் பிரித்தார்கள். மரியதாஸ் ஹால் சுவரோரம் குழாய் வாயைத் தட்டிச் சுத்தம் செய்து, ஒயரை இழுத்துவர நீளமான கம்பியை உள்ளே விட்டார். ஒரு சாண் போனது. நின்றது. மறுமுனையிலிருந்து விட்டார். அங்கேயும் ஒரு சாண். அடுத்த குழாய். அதற்கு அடுத்தது. அவர் கை மெதுவாகிக்கொண்டே வந்தது. என் நெஞ்சு வேகமாகிக்கொண்டே வந்தது. கொண்டாட்டம்தான், வேறென்ன. ஒரு மாதச் சந்தேகம் பலித்துவிட்டதே.

சுற்றிலும் முனியப்பன், அவர் ஆட்கள் நான்கு பேர், வசந்தா, சத்தம் கேட்டு வந்த நஞ்சுண்டப்பா.

"என்ன மரியதாஸ், போகலியா?" என்றேன், எல்லோர் காதிலும் விழும்படி.

"அடச்சிருக்குது சார்."

"எனக்கு முதல் நாள்லேந்தே தெரியும். இரண்டு அடிக் குழாய் போட்டு ஏமாத்தற ஆளுங்களைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன்."

அவர் கம்பியைக் கீழே வைத்தார். "சார், லிங்கராஜபுரத்துல இருபத்தஞ்சு வருசமா வேலை செய்றேன். ஏமாத்தறான்னு ஒரு ஆள் சொன்னதில்ல. நான் ஒவ்வொரு வாயிலயும் பேப்பர் அடச்சேன். பேப்பர் இருந்தா காங்க்ரீட்லேந்து வழியற சிமென்ட் பால் எப்டி உள்ள போவும்?"

"பேப்பரா? அது பத்திரமா இருக்கு," என்றேன். பையிலிருந்து கோப்பை எடுத்து, அவர் முன்னால் விரித்தேன். "இதோ. குழாய் ஒண்ணுலேந்து இருபத்து மூணு வரைக்கும். தேதி, நேரத்தோட."

முனியப்பன் குனிந்து கோப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு தன் ஆட்களைப் பார்த்தார். அவர்களில் ஒருவன் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு வெளியே போனான். இவர்கள் ஏன் மரியதாஸைப் பிடிக்காமல் என்னையே பார்க்கிறார்கள் என்று நான் முழுசாக அரை நிமிடம் யோசித்தேன். அதற்குப் பிறகுதான், அந்தக் காகிதம் எதற்கு என்பது எனக்குள் இறங்கியது.

"ஏங்க," என்றாள் வசந்தா, மிக மென்மையாக. "காற்றோட்டம் நல்லாருக்கா?"

நஞ்சுண்டப்பா தொண்டையைச் செருமினார். "மரியதாஸ், நம்ம மனை வேலையை நீங்களே எடுத்துக்கங்க. நான் சும்மா தள்ளிப் போட்டுட்டேன். யார் பேச்சைக் கேட்டுன்னு கேக்க பேடா, வேணாம்."

கேட்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அந்த அறையில் அப்போது ஒருவன்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தப்பு என்னுதுதான். மன்னிச்சுக்கங்க," என்றேன்.

மரியதாஸ் கொஞ்ச நேரம் கோப்பின் பக்கங்களைப் புரட்டினார். "நாலு பேர் முன்னால சொன்னீங்க சார். நாலு பேருக்குத் தெரியற மாதிரி எழுதிக் குடுங்க. இதுலயே."

கோப்பின் அட்டையில் எழுதினேன்: "குழாய்களை அடைத்தவர் மரியதாஸ். திறந்தவன் நான். பழுதுக்கு அவர் பொறுப்பல்ல." கையெழுத்துப் போட்டேன்.

"தேதி," என்றார் அவர்.

தேதியும் போட்டேன். கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மீதி வேலையைப் பார்க்கப் போனார்.

பத்தொன்பது குழாய்கள் கல்லாகிவிட்டன. கூரையைக் கொத்தினால் பலம் போய்விடும் என்று முனியப்பன் கையை விரித்தார். எங்கள் எதிர்கால வீட்டின் ஒயர்களில் பெரும்பாலானவை வெள்ளை பிளாஸ்டிக் பட்டைகளில், கூரைமேலும் சுவர்மேலும், ரயில் பாதை வரைபடம் போல இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கின்றன. மரியதாஸ் அவற்றை நூல் பிடித்தது போல அடித்தார். விருந்தினர்கள் அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் வசந்தா, "எங்க வீட்டுல எதையும் மறைக்கறதில்ல," என்று முடித்துவிடுவாள்.

கோப்பு என்னிடம் திரும்பவில்லை. புது வீட்டுக்காரர்களிடம் வேலைக்குப் பேசப் போகும்போதெல்லாம் மரியதாஸ் அதைக் கையில் கொண்டுபோய், "காங்க்ரீட்டுக்கு முன்னாடி பேப்பரை எடுத்தா இதான் கதி," என்று பாடம் நடத்தினார். என் கையெழுத்து தெளிவானது; யாரும் படிக்கச் சிரமப்படவில்லை. 2004 வாக்கில், முன்பின் தெரியாத ஒருவர் பஸ் நிறுத்தத்தில் என்னிடம், "பேப்பர் சார்ன்றது நீங்கதானா?" என்று மரியாதையாகக் கேட்டார். வீட்டில் இன்றும் நான் பால் பாக்கெட்டின் தேதியையோ, மருமகன் சொன்ன செய்தியையோ இரண்டாம் முறை சரிபார்த்தால், என் மகள், "அப்பா, பேப்பரை எடுத்தாச்சா?" என்பாள்.

இதை எழுதுவதற்காகப் பழைய நாட்குறிப்பைப் புரட்டியபோது, மார்ச் 14-ம் தேதிப் பக்கத்தின் அடியில், நான் மறந்தே போயிருந்த ஒரு குறிப்பு கிடைத்தது.

"பிற்பகல் 2.10. மரியதாஸ் பூசை முடிந்து வந்தார். கான்கிரீட்டைச் சுற்றி நடந்தார். தரையில் கிடந்த கருப்பு டேப் துண்டு ஒன்றை எடுத்து உற்றுப் பார்த்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் (சுத்த உணர்வு, பாராட்டத்தக்கது). 'சாப்ட்டீங்களா சார்' என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்."

அப்படியானால், நான் காகிதத்தை எடுத்தது அந்த இருபத்து நான்கு நாளும் அவருக்குத் தெரியுமா? அவரிடமே கேட்டேன். இப்போது வேலையெல்லாம் மகனிடம் கொடுத்துவிட்டு ஓய்வாக இருக்கிறார். "அதெல்லாம் யாருக்கு சார் ஞாபகம் இருக்குது," என்று சொல்லி விசிலடிக்க ஆரம்பித்தார். ஆகவே, மரியதாஸுக்கு அன்றே தெரிந்திருந்தது என்பது இதுவரை சரிபார்க்கப்படாத தகவல்.