டி.வி.க்கு ஆள் எடுத்த ரிஜெக்ட் சார்

ஓசூரில் ரிஜெக்ட் சார் கையிலிருந்து தப்பித்த பொருள் ஒன்றே ஒன்றுதான், சூரியன். அதுவும் மைக்ரோமீட்டருக்கு எட்டாத தூரத்தில் இருந்ததால் தப்பித்தது. எங்கள் கம்பெனியில் அவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். லேத்தில் நாங்கள் கடைந்து அனுப்பும் உருப்படியை அளந்து பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், சிவப்புப் பெயின்ட் தடவி ஓரமாய்ப் போட்டுவிடுவார். அப்பா அம்மா வைத்த பேர் சம்பள ஆபீசுக்கு மட்டும்தான் தெரியும்.

கம்பெனியோடு நின்றாரா மனுஷன்? சந்தையில் தக்காளி வாங்கினாலும் கூடைக்கு அடியில் கையை விட்டுத்தான் எடுப்பார். மேலே இருப்பது வியாபாரி காட்டுவதாம், அடியில் இருப்பதுதான் தக்காளியாம். தக்காளிக்காரம்மா தெலுங்கில் திட்டும், இவரும் தெலுங்கிலேயே பதில் கொடுப்பார், கடைசியில் வாங்காமலே வருவார். பொறுக்கி எடுத்த சாம்பிள் பொய் சாம்பிள், கண்ணை மூடிக்கிட்டுப் பத்துக்கு ஒண்ணு எடு. இதுதான் அவர் வேதம்.

இந்த ஆளிடம் போய் டி.வி.க்குக் கூட்டம் சேர்க்கச் சொன்னார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு தனியார் சேனல் தேர்தல் விவாதம் எடுக்க ஊருக்கு வந்தது. மேடையில் ரெண்டு கட்சிப் பிரமுகர்கள், கீழே அறுபது பார்வையாளர்கள். அந்த அறுபதைக் கொடுக்கச் சொல்லி எங்கள் கம்பெனியைக் கேட்டார்கள். ஒரு யூனியனிடம் விட்டால் இன்னொரு யூனியன் கொடி பிடிக்கும். ரெண்டு யூனியனுக்கும் சரிசமமாய்ப் பிடிக்காத ஒரே ஆள் ரிஜெக்ட் சார்தான். அதனால் அவர் தலையில் கட்டினார்கள்.

சேனலிலிருந்து வந்த தம்பி விளக்கினான். இருபது பேர் அந்தக் கட்சி, இருபது பேர் இந்தக் கட்சி, மிச்சம் இருபது பொதுமக்கள். அந்தப் பொதுமக்களையும் எங்கள் ஆட்களிலிருந்தே ரெண்டு கட்சியும் பத்துப் பத்தாய்ப் பொறுக்கிக் கொடுத்துவிடுமாம். முன் வரிசையில் பளிச்சென்று சட்டை போட்டவர்கள் வேண்டுமாம், கைதட்டத் தெரிந்திருக்க வேண்டுமாம். கட்சிக்காரர்களும் ஆளுக்கொரு லிஸ்டோடு வந்தார்கள். ரெண்டு லிஸ்டையும் மடித்து, ஆடுகிற மேஜைக்காலுக்கு அண்டக் கொடுத்துவிட்டு ரிஜெக்ட் சார் சொன்னார்:

"நாளைக்கு முதல் ஷிப்ட் விடும்போது கேட்ல எண்ணுவோம். பத்தாவது ஆள் யாரோ அவன்தான் வருவான். அவன் எந்தக் கட்சின்னு அவன் பொண்டாட்டிகூடக் கேக்கக்கூடாது."

தொலைச்சிடுவோம் என்று கட்சிக்காரர்கள் மிரட்டினார்கள். அவர் அசையவில்லை.

அவருக்கும் அந்த மேடையில் கேட்க ஒரு கேள்வி இருந்தது. எங்கள் கேட்டுக்கு முன்னால்தான் நெடுஞ்சாலை. பஸ் பிடிக்க எதிர்ப்பக்கம் போகணும். சிக்னல் கிடையாது, பாலம் கிடையாது, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடணும். எதிர்க் கம்பெனியில் பேக்கிங்கில் இருந்த அவர் சம்சாரம் முந்தின வருஷம் அங்கேதான் லாரியில் அடிபட்டது. எட்டு மாசம் படுக்கை, அப்புறம் சுவரைப் பிடித்துத்தான் நடை. மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போன கேள்வியை அந்த ரெண்டு பிரமுகர்கள் முகத்துக்கு நேராகக் கேட்டுவிட வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வாட்ச்மேன் எண்ணினார். ரிஜெக்ட் சாரும் எல்லாரையும்போல வரிசையில் நின்றார். பின்னால் நான். வாட்ச்மேன் அவர் தோளைத் தொட்டு "ஒம்பது" என்றார். என்னைத் தொட்டு "பத்து" என்றார். அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டுச் சாரையே பார்த்தார்.

"சார், நீங்க இந்தப் பக்கம் வாங்க, நான் அங்க நிக்கிறேன்" என்றேன்.

"மாத்தினா அது சாம்பிள் இல்லப்பா, செட்டப்பு. நீயே போ."

எனக்குக் கோபம் கோபமாய் வந்தது. இப்படியுமா ஒரு மனுஷன் பிடிவாதம் பிடிப்பான்!

ஞாயிற்றுக்கிழமை காலை, கேட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்த கல்யாண மண்டபத்தில் ஒளிப்பதிவு. ஆளுக்கொரு துண்டுச்சீட்டில் சேனல்காரர்களே கேள்வி எழுதிக் கொடுத்தார்கள். தொகுதி வளர்ச்சிக்கு உங்கள் அடுத்த திட்டம் என்ன என்று என் சீட்டில் இருந்தது. மைக் வந்தது. சீட்டைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, அந்த ரோட்டைத் தாண்ட எங்களுக்கு என்ன வழி என்று கேட்டேன். சேனல் தம்பி "கட்" என்றான்.

மைக் லோடிங் ஆளிடம் போனது. அவர் கன்னடத்தில் அதையே கேட்டார். கட். கேன்டீன் அம்மா தெலுங்கில் அதையே கேட்டது. கட். நாலாவது ஆள் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்காரர், மெஷின் சத்தத்தில் காது போனவர். முன்னால் மூணு பேர் கேட்டது அவர் காதில் விழவே இல்லை. அவரும் அதையேதான் கேட்டார்! யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. எல்லாருக்கும் அதே ரோடு, அவ்வளவுதான். பிரமுகர்கள் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் தண்ணீர் குடித்தார்கள்.

டி.வி.யில் அது ஒன்றும் வரவில்லை. நாங்கள் கைதட்டாத இடத்திலெல்லாம் கைதட்டல் சத்தம் வந்தது. நாசமாய்ப் போக.

அன்றைக்கு ஒளிப்பதிவு முடிந்து வெளியே வந்தால், டீக்கடை ஓரம் ரிஜெக்ட் சார் நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்தே நிற்கிறாராம்.

"கேட்டியா?"

"கேட்டேன் சார். மைக் கிடைச்சவங்க எல்லாருமே கேட்டாங்க."

"எடுத்த பீஸ் எல்லாத்துலயும் ஒரே குறைன்னா, தப்பு பீஸ் மேல இல்லப்பா, மெஷின் மேல" என்றார். மண்டபத்துப் பக்கம் ஒரு முறை முறைத்தார்.

அப்புறம், என் சைக்கிள் நின்ற கேட்டுப் பக்கம் போக, என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ரெண்டு பக்கமும் பார்த்து, லாரிகளை நிறுத்தச் சொல்லி மறு கையை நீட்டியபடியே அந்த ரோட்டைக் கடக்க வைத்தார். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயசு. கையை உருவிக்கொள்ளத் தோன்றவே இல்லை.