பளபளக்காத கருப்பு

கோடை விடுமுறையில் பள்ளிக்கூடங்களைச் சாதாரணமாகக் கடந்துபோக என்னால் முடிவதில்லை. கரும்பலகைகளுக்குப் புதுப் பெயின்ட் அடிக்கும் காலம் அது. டர்பன்டைனும் கரியும் கலந்த அந்த வாசனை ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே நழுவி வந்து மூக்கைத் தொட்டதும் மற்றவர்களுக்கு வாத்தியார் நினைவு வரும், பிரம்பு நினைவு வரும், ஏழாம் வாய்ப்பாடு நினைவு வரும். எனக்கு மட்டும் நாதஸ்வரம் கேட்கும். பின்னாலேயே தவில். அதற்கும் பின்னால் எங்கள் மாமாவின் குரல்.

எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்திரண்டு வயது. உலகத்தில் எல்லாவற்றைப் பற்றியும் எனக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. வேலைதான் இல்லை. திண்டிவனத்தில் பட்டப்படிப்பு முடித்துவிட்டுச் செஞ்சிக்குத் திரும்பி, புதுக்கவிதை என்று நானே நம்பிய ஏதோ ஒன்றை எழுதிக்கொண்டிருந்தேன். (வரியைப் பாதியில் மடக்கினால் கவிதை. அப்போது அவ்வளவு சுலபமாக இருந்தது.)

அம்மாவின் தம்பிதான் மாமா. கடலை மண்டி வைத்திருந்தார். மண்டியைவிட அவர் பெரிதாக நினைத்தது அவருடைய காரை. இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்து, பாண்டிச்சேரி டாக்டர் ஒருவரிடம் வயதாகி, கடைசியில் மாமாவிடம் வந்து சேர்ந்த கார் அது. கூரை குவிந்திருக்கும், நடை மெதுவாக இருக்கும். ஊரில் ஆமை வண்டி என்றார்கள், மாமாவுக்குக் கேட்காத தூரத்தில். உடம்பு வெண்ணெய் நிறம். பம்பர், மூக்குத் தகடு, கதவுக்குக் கீழே கால் வைத்து ஏறும் அகலமான படி, சக்கர மூடி, கண்ணாடியைச் சுற்றி ஓடும் பட்டை எல்லாம் வெள்ளி மாதிரி முலாம் போட்ட இரும்பு. ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமா அதையெல்லாம் விபூதி போட்டுத் தேய்ப்பார். அவர் நெற்றிக்குப் பூசியதைவிடப் பம்பருக்குப் பூசியது அதிகம். பக்தி முற்றி, முலாம் உரிந்து, இரும்பு தேமல் தேமலாய்த் தெரிய ஆரம்பித்தது.

அந்த நேரத்தில்தான் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

மாப்பிள்ளை வீடு அனந்தபுரம். மாப்பிள்ளை தங்கமானவர். பயமெல்லாம் அவருடைய அப்பாவிடம்தான். ரைஸ்மில் வைத்திருந்தார். அவருக்கு மனசு கோணினால் வாயைத் திறந்து சொல்ல மாட்டார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து உதறி, மறு தோளில் போட்டுக்கொள்வார். அவ்வளவுதான். என்ன குறை என்று மற்றவர்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்காவிட்டால் கிளம்பிவிடுவார். சொந்தத் தம்பி மகள் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்பே துண்டை உதறிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். ஏன் என்று தம்பிக்கே தெரியாது. அக்காவுக்கோ ஏற்கெனவே ஒரு சம்பந்தம் நிச்சயம்வரை வந்து கலைந்துபோயிருந்தது. இதுவும் கலைந்தால் அம்மா தாங்க மாட்டாள் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அக்கா தாங்குவாளா என்று யாரும் கேட்கவில்லை. அவள் மட்டும் இரவில் தூங்காமல் புடவைகளை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை அழைப்புக்கு மாமாவின் கார்தான் என்று முடிவாயிற்று. மாமா என்னைக் கூப்பிட்டார்.

"அந்த ஆள் கண்ணுல ஒரு குறை படக்கூடாது. வண்டி உன் பொறுப்பு. இன்னா பண்ணுவியோ பண்ணு."

மறுபடி முலாம் போடுவதென்றால் எல்லாவற்றையும் கழற்றி மெட்ராஸுக்கு அனுப்ப வேண்டும். அது திரும்பி வருவதற்குள் அக்காவுக்குப் பிள்ளையே பிறந்துவிடும் என்றார்கள். அப்போதுதான் எனக்குள் இருந்த நவீன மனிதன் எழுந்து உட்கார்ந்தான். புதிதாக ரோட்டுக்கு வந்திருந்த சின்னக் கார்களில் பம்பர் கருப்பாக இருந்ததை நான் பார்த்திருந்தேன். வெள்ளி மினுக்கெல்லாம் போன தலைமுறை, இனி கருப்புதான் என்று அறிவித்தேன்.

கல்யாண வண்டிக்குக் கருப்பா என்று அம்மா நெஞ்சில் கை வைத்தாள். நைனா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) பேப்பரை இறக்கிப் பார்த்துவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டார். நான் விடவில்லை. குழந்தை எவ்வளவு சிவப்பாக இருந்தாலும் கண்ணுக்கு மை வைக்கிறோம், கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைக்கிறோம், வண்டிக்கு வைத்தால் மட்டும் ஆகாதா என்றேன். மாமா யோசித்தார். ஊர்க் கண்ணெல்லாம் தன் காரின் மேல்தான் என்பது அவருடைய நெடுநாள் சந்தேகம். ஒப்புக்கொண்டார்.

எந்தக் கருப்பு என்பதில்தான் என் அழிவு ஆரம்பித்தது.

திருவண்ணாமலை ரோட்டில் பெயின்ட் கடை வைத்திருந்தது என் சிநேகிதன் ஜாபரின் குடும்பம். ஜாபர் மூன்று டப்பாக்களைத் திறந்து காட்டினான். தகரத் துண்டுகளில் தடவிக் கடைவாசல் வெயிலில் வைத்துவிட்டு, ஒரு மனுஷன் பெண் பார்ப்பது போல நான் உட்கார்ந்து பார்த்தேன். முதல் கருப்பு சைக்கிளுக்கும் கேட்டுக்கும் அடிப்பது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கும் எருமை மாதிரி மினுங்கியது. இரண்டாவது தண்ணீர்க் குழாய்க்கு அடிக்கும் தார்க் கருப்பு. வெயில் ஏற ஏற அழ ஆரம்பித்தது. மூன்றாவது மினுங்கவில்லை, வழியவில்லை. வெளிச்சத்தை உள்ளே வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தது. மழை நின்ற பிறகு கோட்டைப் பாறையில் மேலிருந்து கீழே இறங்கியிருக்குமே ஒரு கருப்பு வரி, அந்தக் கருப்பு. ராத்திரியை யாரோ மடித்துத் தகரத்தில் வைத்த மாதிரி. எனக்குத் தொண்டை அடைத்தது. (பெயின்ட் டப்பாவைப் பார்த்துத் தொண்டை அடைக்கிறவனுக்கு எவன் வேலை கொடுப்பான்.)

"டேய், இது பள்ளிக்கூடத்துல போர்டுக்கு அடிக்கிறதுடா" என்றான் ஜாபர்.

"அதனால இன்னா? பளபளக்காத கருப்பு வேற இருக்குதா உன்கிட்ட?"

"இல்ல. ஆனா காருக்கு யாரும் இதை வாங்கினதில்ல."

"யாரும் வாங்கலைன்னா யாருக்கும் தோணலைன்னு அர்த்தம்."

ஜாபர் டப்பாவை மூடி என் கையில் கொடுத்தான். பிறகு, மாமா கேட்டால் கடைப் பேரைச் சொல்லாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துடைத்து, ஒரு கோட்டிங் அடித்து, காயவிட்டு, இன்னொரு கோட்டிங் அடித்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், அழகாகத்தான் இருந்தது. வெண்ணெய் நிற உடம்பில் அந்த மௌனமான கருப்பு விளிம்பு. மாமா சுற்றிச் சுற்றி வந்தார். விபூதிக்கு இனி வேலையில்லையே என்ற வருத்தம் ஒரு கணம் முகத்தில் வந்து போனது. பிறகு, ஃபாரின் வண்டி மாதிரி இருக்குதுடா என்றார். ஃபாரின் வண்டிதான் மாமா என்று நான் சொல்லவில்லை. அன்று நான் தரையில் நடக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் தங்குவதற்கு மண்டபத்துக்குப் பக்கத்திலிருந்த பள்ளிக்கூடத்தை ஏற்பாடு செய்திருந்தோம். விடுமுறை, வகுப்புகள் காலி, பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு ஜமுக்காளம் விரித்தாயிற்று. ஆக, கரும்பலகைப் பெயின்ட் அடித்த ஒரு காரை, சாக்பீஸ் டப்பாக்கள் நிறைந்த ஒரு கட்டிடத்தின் முன்னால், வேலை எதுவும் இல்லாத, ஒரு பஸ் நிறைய ஜனங்களுக்கு நடுவே நான் கொண்டுபோய் நிறுத்தினேன். பூ அலங்காரத்துக்கு ஆள் வரவில்லை என்று மண்டபத்துக்கு ஓடினேன்.

திரும்பி வந்தபோது முன் பம்பரில் ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது. சாக்பீஸ் காக்கா. பக்கத்தில் "மாப்பிள்ளை வண்டி, ஒதுங்கு". இது மாப்பிள்ளையின் சிநேகிதர்கள். இடது படியில் "காபியில் சர்க்கரை எங்கே?" அதற்குக் கீழே எங்கள் வீட்டுப் பெண்கள் எழுதியிருந்த பதில்: "பிள்ளை வீட்டாரின் பேச்சில் இருக்கிறது, கலந்து குடிக்கவும்." வலது படியில் "ஃபேன் ஓடவில்லை". "கரண்டு போனால் கலெக்டரைக் கேளுங்கள்." பின் சக்கர மூடியில், கோயில் டியூப்லைட்டில் எழுதுவார்களே அந்த மாதிரி வட்டமாக: "உபயம்: வேலையில்லாத தம்பி".

துணியால் துடைத்தேன். எழுத்து போய் அந்த இடமெல்லாம் வெண்மேகமாயிற்று. ஈரத்துணியால் துடைத்தேன். சுத்தமாகப் போயிற்று. அப்பாடா என்று நிமிர்ந்து நெற்றியைத் துடைப்பதற்குள் ஈரம் காய்ந்து, எழுத்தெல்லாம் மெல்லத் திரும்பி வந்தது. காக்காகூட. புதிதாக அடித்த போர்டில் முதலில் எழுதுவது அப்படித்தான் ஊறிவிடும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதற்குள் நாதஸ்வரம் ஆரம்பித்துவிட்டது. மாப்பிள்ளை மாலையோடு ஏற, அவருக்கு முன்பே சிநேகிதர்கள் ஏறி அடைத்துக்கொள்ள, மறுபக்கத்திலிருந்து மாமா பட்டுவேட்டியோடு வந்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். எழுத்தை அவர் பார்க்கவே இல்லை. வண்டி நகர்ந்தது.

விளக்கு வைக்கும் நேரம். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் செஞ்சிக் கடைத்தெரு முழுக்க எங்கள் ஊர்வலம். மல்லாரி ஊதி முடித்துத் தவில்காரர் தனியாக வாசிக்க நின்ற இடங்களிலெல்லாம் வண்டியும் நின்றது. டீக்கடையிலிருந்து, துணிக்கடையிலிருந்து ஜனங்கள் வந்து காரின் முன்னால் இடுப்பை வளைத்துக் குனிந்தார்கள். மாமா ஒரு கையை வெளியே நீட்டிக் கும்பிடை ஏற்றுக்கொண்டே வந்தார். நம்ம குடும்பத்து மேல ஊருக்கு இவ்வளவு மரியாதையா என்று பக்கத்தில் நடந்த என்னிடம் கேட்டார். ஆமாம் மாமா என்றேன். அவர்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். சிலர் வாய்விட்டுப் படித்தார்கள்.

மண்டப வாசல். ஆரத்தி சுற்றிப் பொட்டு வைத்து மாப்பிள்ளையை இறக்கினார்கள். எல்லோரும் உள்ளே திரும்பிய நேரத்தில், காருக்குப் பின்னால் சம்பந்தி தனியாக நின்றார். தோளிலிருந்து துண்டை எடுத்தார். உதறினார். மறு தோளில் போட்டுக்கொண்டார். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அதிலிருந்து வெள்ளையாய்த் தூசு பறந்தது.

நாதஸ்வரம் பாதி மூச்சில் நின்றது. அம்மா ஆரத்தித் தட்டைத் தரையில் வைத்துவிட்டாள். உள்ளே மணப்பெண் அறையின் ஜன்னலில் அக்காவின் முகம் வந்து நின்றது. மாமா ஓடினார்.

"சம்பந்தி, இன்னா குறைன்னு சொல்லிடுங்க. இப்பவே சரி பண்ணிடறேன்."

"குறையா? ஒண்ணும் இல்லைங்க. நீங்க நடத்துங்க."

தமிழில் இதைவிடப் பயங்கரமான வாக்கியம் இல்லை. சொல்லிவிட்டு அவர் பஸ் ஸ்டாண்டு இருக்கும் திசையைப் பார்த்தார். மாமா குறையைத் தேடிக் காரை ஒரு சுற்று வந்தார். காக்காவைப் பார்த்தார். சர்க்கரையைப் பார்த்தார். கலெக்டரைப் பார்த்தார். என்னிடம் வந்தார்.

"இன்னாடா இது."

"போர்டு பெயின்ட், மாமா."

"ஏன்டா அடிச்சே?"

"பளபளக்காது, மாமா."

அவர் முகத்தில் ஒரு பழைய காரின் எஞ்சின் அடைபட்டு நிற்பதைப் பார்த்தேன். அங்கே நிற்க முடியாமல் வண்டியின் பின்பக்கம் போய்க் குந்தி, என் வேட்டி நுனியால் பின் பம்பரைத் துடைக்கப் போனேன். அங்கேதான் அது இருந்தது. மூலையில், சின்னச் சின்ன எழுத்தில், வரிசை பிசகாமல், கடைசியில் ஒரு முற்றுப்புள்ளியோடு:

"மாப்பிள்ளையின் தகப்பனுக்கு வண்டியில் இடம் இல்லை."

எங்கள் பெண்கள் முற்றுப்புள்ளி வைக்கிறவர்கள் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். சம்பந்தியின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வெள்ளையாக இருந்தன. தவில் வாசிக்க வண்டி நின்ற ஏதோ ஓர் இடத்தில் மனுஷன் குனிந்திருக்கிறார். நான் பார்ப்பதைப் பார்த்தார். உடனே வாசலில் கட்டியிருந்த வாழை மரத்தை, அதுவரை வாழை மரமே கண்டிராதவர் போல ஆராய ஆரம்பித்தார்.

மாமாவின் காதில் சொன்னேன். மாமா நேராகக் காரிடம் போனார். போய் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி, ஏறுங்க. நாம ரெண்டு பேரும் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்."

"அதெல்லாம் எதுக்குங்க" என்றார் சம்பந்தி, வேட்டியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறியபடியே.

நாதஸ்வரத்தோடு பஸ் ஸ்டாண்டுவரை போய்த் திரும்பினார்கள். ஊர் மறுபடி குனிந்தது. இந்தத் தடவை கும்பிடை ஏற்றுக்கொண்டது சம்பந்தி. இறங்கியதும் யார் முகத்தையும் பார்க்காமல் வண்டிக்குப் பின்னால் போய், துண்டு நுனியால் தன்னுடைய வரியை மட்டும் துடைத்துவிட்டு உள்ளே நடந்தார். ஜன்னலில் அக்கா இல்லை. பிறகு கேட்டபோது, அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்ததாகவும் அழுததாகவும் இரண்டு விதமாகச் சொன்னார்கள்.

மறுநாள் காலை நல்ல நேரத்தில் தாலி ஏறியது. பந்தியில் இலைக்கு முன்னால் வைத்து மாமா என்னைத் திட்டிய திட்டு, பரிமாறுகிறவர்கள் நின்று கேட்குமளவுக்கு நயமாக இருந்தது. அடுத்த வாரமே பளபளப்பான கருப்பு அடித்துவிடப்போகிறேன் என்று சபதம் செய்தார். அடிக்கவே இல்லை. சம்பந்தி செஞ்சிக்கு வரும்போதெல்லாம், அவர் காபி குடித்துக்கொண்டிருக்கையில், மாமா சும்மா வெளியே போகிறவர் மாதிரி போய்ப் பின் பம்பரைப் பார்த்துவிட்டு வருவார். "தலைகாணி உயரம்" என்று இருக்கும். "மீன் குழம்பு நன்று" என்றும் ஒரு முறை இருந்தது. இன்றைக்கும் எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், என் பிள்ளைகள்கூடக் கேட்பார்கள்: வாயால சொல்றியா, பம்பர்ல எழுதறியா? கவிதை எழுதுகிற நான் அதிகம் வாசிக்கப்பட்டது அந்தக் காரில்தான் என்று என் மனைவி சேர்த்துக்கொள்வாள்.

இதெல்லாம் பிற்பாடு. அன்று சாயங்காலம் பொண்ணு மாப்பிள்ளையை அனந்தபுரத்துக்கு அனுப்ப அதே கார் நின்றது, காக்காவும் சர்க்கரையும் மங்கலாய்த் தெரிய. முன் சீட்டில் யாரும் சொல்லாமலே சம்பந்தி உட்கார்ந்திருந்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுதாள். நைனா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பின் சீட்டில் அக்கா, கண் இரண்டும் வீங்கி, மாலைக்குள் பாதி முகம் மறைந்து. ஜன்னல் வழியே கையை நீட்டி என்னைக் கூப்பிட்டாள். அம்மாவைப் பார்த்துக்கொள் என்பாள், சீக்கிரம் ஒரு வேலையைத் தேடிக்கொள் என்பாள் என்று தயாராகிக்கொண்டு குனிந்தேன். அவள் முன் சீட்டை ஓரக்கண்ணால் ஒரு தரம் பார்த்துவிட்டு, என் காதருகே வந்து மெதுவாகச் சொன்னாள்:

"டேய், பள்ளிக்கூடத்துல சாக்பீஸ் மிச்சம் இருக்கும். ஓடிப்போய் ஒரு டப்பா எடுத்தாந்து குடுடா."