ஆனைக்கொய்யாவுக்குக் கவ்வாத்து

கொட்டகலை,
9.3.1957

மதிப்புக்குரிய மச்சான் செல்லசாமி அவர்களுக்கு மூக்கன் வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே அடுப்பு ஒருவாறு எரிகிறது, நானும் இருக்கிறேன். கந்தப்பளையில் நீங்களும் பிள்ளைகளும், முக்கியமாக அங்கே வந்திருக்கும் உங்கள் தங்கச்சி, என் வீட்டுக்காரி சண்முகவடிவும் சுகமாயிருக்க முருகன் துணை செய்யட்டும்.

சண்முகவடிவு உங்களிடம் என்ன சொன்னாளோ தெரியாது, என் பக்கத்தையும் கேளுங்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் வெண்ணெய்ப்பழத்துக்கு ஆசைப்பட்டு அவள் வைத்த இரண்டு ஆனைக்கொய்யா மரங்களைப் பார்த்திருப்பீர்கள். வைக்கும்போதே, இருபதடியாவது தள்ளி வை என்றேன். தேயிலைக் கன்று போல ஆறடியில் வைத்தாள். வளர்ந்ததும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, வெயில் தேடி எங்கள் தகரக் கூரைமேல் சாய்ந்துவிட்டன. காய் விழுந்தால் கல்லெறிந்த மாதிரிச் சத்தம். சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த காம்பரா வீட்டில் அழகம்மாவின் பச்சைக்குழந்தை ஒவ்வொரு காய்க்கும் திடுக்கிட்டு அழும். அழகம்மா என்னோடு பேசுவதையே விட்டுவிட்டாள். கடைசியில் கங்காணி வந்து, கொப்பைக் குறைக்காவிட்டால் இரண்டு மரத்தையும் அடியோடு வெட்டச் சொல்லிவிடுவோம் என்று சொல்லிப் போனார். பயந்துபோனேன் மச்சான். அவள் கொழுந்து பறிக்கப் போயிருந்த நேரம் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்தேன். இரண்டொரு கொப்பைக் கழிக்கத்தான் நினைத்தேன். ஆனால் வருஷக்கணக்காய்த் தேயிலை வெட்டின கை, மட்டமா வெட்டத்தானே அதுக்குத் தெரியும், நிமிர்ந்து பார்த்தா ஒரு இலை இல்லீங்க. கூடையோடு வந்தவள் திட்டவில்லை. "பூ விட்டிருந்துச்சுங்க" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் உங்கள் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

நிழல் போனதால் வெயில் பட்டுப் பட்டை வெடிக்கத் தொடங்கியது. சுண்ணாம்பு அடித்தேன். அந்திநேரம் அந்தப் பக்கம் வந்த கங்காணி, லயத்துக்குப் பின்னால் வெள்ளை வேட்டியோடு நிற்கும் அந்த இரண்டு பேர் யார் என்று விசாரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தினமும் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன், துளிர் விட்டிருக்கிறதா என்று கொப்பு கொப்பாகத் தடவிப் பார்க்கிறேன். மரம் பட்டுப்போனால் அவள் திரும்பி வரவே மாட்டாளோ என்று பயமாயிருக்கிறது. எப்படியாவது சமாதானம் சொல்லிக் கூட்டி வாருங்கள். ஒரு மரத்தை எடுத்துவிட்டால் மற்றது நன்றாக வரும் என்பதையும் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். எனக்குத் தைரியமில்லை.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
தங்கள் மச்சான் மூக்கன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் சண்முகவடிவு தானே வந்து இறங்கிவிட்டாள். மரங்களைச் சுற்றி வந்து, நான் காணாத இடத்தில் ஒரு துளிரைக் கண்டுபிடித்தாள். ஆகவே நீங்கள் வர வேண்டாம், மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். உங்கள் வீட்டிலிருந்து ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த ஆனைக்கொய்யாக் கன்றை அந்த இரண்டு மரங்களுக்கும் நடுவே வைக்க இடம் பார்க்கிறாள். மம்பட்டியை எடுத்துக் கொடுத்தேன்.