நஷ்டத்துக்கு வரி கட்ட மாட்டேன்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் உடம்பளவில் சுகம். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். "கிடைச்ச விலைக்கு வித்துட்டு ஊர் வந்து சேருங்க" என்று போனில் சொன்னாயே, அதற்குப் பதில் இது. விற்க மாட்டேன்.

கோபப்படாமல் படி. மகள் இந்த நாட்டில் வேலை பார்த்தபோது, என் தையல் கடையை விற்று இந்த அடுக்குமாடி வீட்டை வாங்கினோம். வாங்கி மூச்சு விடுவதற்குள் அவளுக்கு வேறு நாட்டுக்கு மாற்றல். சரி, விற்றுவிடலாம் என்று நாங்கள் இருவரும் கிளம்பி வந்தால், ஆரம்பித்தது வினை. வக்கீல் நம் மொழி பேசுகிறவர். அதனால் கெட்ட செய்தியெல்லாம் தெளிவாகப் புரிந்தது. வாங்கிய சூட்டோடு விற்றால் நாம் குடியிருக்க வந்தவர்கள் இல்லையாம், வியாபாரிகளாம், அதற்குத் தனி வரி. நாம் வெளிநாட்டார் என்பதால் வரிப் பாக்கி தீரும்வரை விலையில் ஒரு பங்கை வாங்குகிறவரே பிடித்து வைத்துக்கொள்வாராம். பால்கனிக்கு அத்தான் ஆசை ஆசையாகப் போட்ட கண்ணாடித் தடுப்புக்கு அனுமதி கிடையாதாம், அதையும் பிரித்தாக வேண்டுமாம். அத்தான் நாற்காலி மேல் ஏறி, கண்கலங்கிக்கொண்டே ஒவ்வொரு ஸ்குரூவாகக் கழற்றினார். பக்கத்து வீட்டு நாய் அவரைத் திருடன் என்று நினைத்து விடாமல் குரைத்தது. நம் வீட்டைப் பிரிப்பதற்கு நாய்க்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. போதாததற்கு நம் ஊர் ஆடிட்டர் போன் செய்து, "இங்கயும் கணக்குக் காட்டணும்க்கா" என்றார். வைத்துவிட்டேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். கையெழுத்துப் போடப் போன அன்றுதான் பொறுமை போயிற்று. பதிவு அறையில் நீள மேஜை. எதிரே வீட்டை வாங்கும் பேக்கரிக்காரரும் அவர் மனைவியும்.

"லாபத்துக்கும் வரி உண்டும்மா" என்றார் வக்கீல்.

"லாபமா? எங்க இருக்கு? வாங்கினதைவிட எங்க ஊர் காசுல குறைச்சலாத்தானே வருது?"

"இந்த ஊர் காசோட மதிப்பு விழுந்துபோச்சு. ஆனா இவங்க கணக்கு இவங்க காசுலதான். அதுல வீட்டு விலை ஏறியிருக்கே."

"அப்போ நஷ்டம் எனக்கு, லாபம் காகிதத்துக்கா?"

"சட்டம் அப்படித்தாம்மா."

அத்தான் என் கையைக் கிள்ளி, "போட்டுத் தொலைச்சிடலாம்டி, எல்லாரும் பாக்கறாங்க" என்றார்.

பார்க்கட்டுமே! நான் தையல்காரி. ஒரு டேப்பில் அளந்து துணி வாங்கி, இன்னொரு டேப்பில் அளந்து கொடுத்திருந்தால் என் வாடிக்கையாளர்கள் கடையைக் கொளுத்தியிருப்பார்கள். எழுந்து நின்று, "நஷ்டத்துக்கு வரி கட்ட மாட்டேன்னு சொல்லுங்க" என்றேன். வக்கீல் மொழிபெயர்க்க மறுத்துவிட்டார். பேக்கரிக்காரர் மனைவிக்கு மட்டும் எப்படியோ புரிந்து, சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டாள். அத்தானை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இனி இங்கேயேதான். வாசலில் தையல் பலகை மாட்டப்போகிறேன். அதற்கும் அனுமதி கேட்டு எவனாவது வரட்டும், கத்திரிக்கோல் கையில்தான் இருக்கிறது. நீ மட்டும் ஆயுளுக்கும் அயல்நாட்டில் ஒரு செங்கல்கூட வாங்காதே.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் யார் மிரட்டினாலும் தலை குனியாமல் வளர என் ஆசி.

இப்படிக்கு,
இந்த வீட்டுக்காரி,
உன் அக்கா.

பின்குறிப்பு: காய்கறி வாங்கப் போன அத்தான் பேக்கரிக்காரருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார். இந்த வீட்டை வாங்கிப் பதிவு செய்த அன்று, வாடிக்கையாளர்களின் பாக்கித் துணியைத் தைத்துக் கொடுக்க நான் ஊரிலேயே நின்றுவிட்டேனல்லவா, பத்திரத்தில் அவர் பெயர் மட்டும்தானாம். "என் வீட்டுக்காக இவ்வளவு சண்டை போட்டியே, ரொம்ப நன்றிடி" என்கிறார். அடுத்த வாரம் வருகிறோம், விமான நிலையத்துக்கு வண்டியோடு வா. மிஞ்சின காசுக்கு வேறு வீடு பார்த்து வை. எந்த நாடானாலும் சரி, பத்திரம் என் பெயரில்.