அரைமீசை அண்ணையும் ஹாலிவுட்டின் கழுத்தும்

ஹாலிவுட் பயந்து நடுங்கியிருக்க வேண்டிய ஒரே மனிதர் பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் முடி வெட்டிக்கொண்டிருந்தார். அவரைத் தெரியாமல் போனது ஹாலிவுட்டின் அதிர்ஷ்டம்.

அரைமீசை அண்ணை என்போம். அவருக்கு மீசையே கிடையாது. அவருடைய சலூனில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் பாதி மீசை. காரணம், கண்ணாடிக்கு மேலே இருந்த தொலைக்காட்சி. அதில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஹாலிவுட் சாகசப் படங்கள் மட்டுமே ஓடும். ரசிக்க அல்ல, திட்ட. திட்டு வந்தால் கத்தி அந்தரத்தில் நின்றுவிடும்.

"இஞ்சை பார் தம்பி, இவர் இந்திய மகாராசாவாம்! மூஞ்சை முழுக்க மை அப்பிக் கிடக்கு, கழுத்து உரிச்ச கோழி மாதிரி வெள்ளை. மை முடிஞ்சுபோச்சோ?"

"அண்ணை, என்ரை மற்றப் பக்க மீசை..."

"பொறு. உனக்கு மீசை முக்கியமோ, ஒரு சனத்தின்ரை மானம் முக்கியமோ?"

எனக்கு மீசைதான் முக்கியம். ஆனால் கத்தி அவர் கையில் இருந்தது.

காட்டில் கதாநாயகனுக்குப் பின்னால் பெட்டி சுமக்கும் கறுத்த மனிதர்கள் வந்தால் இன்னும் கொதிப்பார். "பேரில்லை, வசனமில்லை. முதல் பாம்பு இவனுக்குத்தான்" என்பார். பாம்பு தவறாமல் கடிக்கும்.

அப்பேர்ப்பட்டவரிடம் போய், எனக்குப் பட வாய்ப்பு வந்திருக்கிறது என்று சொன்ன முட்டாள் நான். போர்க்காலத்துக் காட்டுச் சாகசம். ஒரு பிரெஞ்சுக் கொம்பனி எடுத்தது. உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன் நான். ஊர் நாடகங்களில் ராஜாவுக்கு விசிறி வீசியதோடு என் கலைவாழ்வு முடிந்திருந்தது. ஒரே ஒரு தடவை என் முகம் திரையில் வரவேண்டும் என்பது தீராத ஆசை.

"என்ன வேசம்?"

"பெட்டி தூக்கிறது."

"எப்ப சாகிறாய்?"

"நாலாவது காட்சியிலை."

"பாம்போ?"

"இல்லை அண்ணை, மரம் விழுது."

"ஓம், பாம்புகூட உன்னை வேண்டாமெண்டிட்டுது."

பாரிஸின் புறநகரான கூசேன்வில்லுக்கு அப்பால் ஒரு தோப்பில் படப்பிடிப்பு. பிளாஸ்டிக் வாழைகள். நவம்பர் குளிரில் வெறும் மேலோடு நான். ஒப்பனைக்காரப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்து, "கறுப்புப் போதாது" என்றாள். பெண் பார்க்கப் போன இடமெல்லாம் கறுப்புக் கூடிப்போச்சு என்று தள்ளிவிட்ட என்னைப் பார்த்து! பெருமைப்படுவதா, அழுவதா என்று முடிவெடுப்பதற்குள் கழுத்துவரை கறுப்பு மை பூசி முடித்திருந்தாள்.

படப்பிடிப்பு முடிந்து தண்ணீரில் கழுவினேன், மை போகவில்லை. மறுநாள் வேலைக்கு இந்தக் கோலத்தில் போக முடியாது. தலைச்சாயம் தோலில் பட்டால் துடைத்தெடுத்துப் பழகிய கைதான் வேண்டும். வேறு வழியில்லாமல் சலூனுக்குப் போனேன்.

கதிரைகள் நிரம்பியிருந்தன. அரைமீசை அண்ணை என் முகத்தைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். திட்டு எந்தப் பக்கமிருந்து வருமோ என்று கண்ணை மூடிக்கொண்டேன். தொலைக்காட்சியின் சத்தம் நின்றது.

"நாளைக்கு வாங்கோ" என்று காத்திருந்தவர்களை அனுப்பினார். துவாயைச் சுடுதண்ணீரில் நனைத்து, எண்ணெய் தொட்டு, காதுமடல்வரை துடைத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கடைசியில் கேட்டார்: "படம் எப்ப வருது?"

வந்தது. பாரிஸை ஒட்டிய சென் தெனியில் ஒரு திரையரங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் காட்சியிலிருந்தே முணுமுணுத்தார். முன்வரிசைக்காரர் இரண்டு தடவை திரும்பி முறைத்தார். நாலாவது காட்சியில் ஒரு மூச்சு நேரம் என் முகம் தெரிந்தது. மரம் விழுந்தது. கதாநாயகன் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தான்.

அரைமீசை அண்ணை எழுந்து நின்று, தனியாளாகக் கைதட்டினார். அரங்கமே திரும்பிப் பார்த்தது. உட்கார்ந்ததும் என் காதில் சொன்னார்:

"படம் குப்பை. ஆனால் நீ நல்லாய்ச் செத்தாய்."

என் நடிப்புக்குக் கிடைத்த ஒரே விமர்சனம் அதுதான். இன்னொன்றை நான் தேடவும் இல்லை.