அடைப்பு வீட்டில் இறங்கிய ராக்கெட்

செத்துப்போன ஒருவர் சார்பில் நான் பதில் சொல்லியிருக்கிறேன். வாய் தவறி இல்லை, தெரிந்தேதான் சொன்னேன். அப்போது எனக்குப் பதினேழு வயது. பி.யு.சி.யில் கணக்குப் பாடத்தில் கோட்டை விட்டு, மேனாம்பேட்டில் தண்டச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். (இது அப்பா வைத்த பெயர்.) நிலாவுக்கு ஆள் போய்த் திரும்பி ஒரு வருஷம் ஆகியிருந்தது. கணக்கு வராதவனுக்கு ராக்கெட் வரும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

ராக்கெட்டின் உடம்பு, பழுதாகிப்போன சைக்கிள் பம்ப். இறக்கைகள், பிஸ்கட் டின் தகரம். மருந்துக்கு அம்மாவின் அடுப்படியிலிருந்து தீப்பெட்டிகளைக் கடத்தி, குச்சிகளின் தலைகளைச் சுரண்டிச் சுரண்டிச் சேர்த்தேன். விரல் நுனியெல்லாம் கந்தக வாடை. அதே கையால்தான் சோறும் சாப்பிட்டேன். மூக்குப் பக்கம் கனம் போதவில்லை. அப்பாவின் சட்டைப் பையில் கம்பெனி டோக்கன் இருந்தது. நம்பர் போட்ட பித்தளை வட்டு, பம்ப் வாய்க்கு அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்துகொண்டது.

அந்த டோக்கனைக் காட்டினால்தான் அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி கேட்டைத் திறப்பார்கள். அப்பாவை அடுத்த மாதம் பர்மனென்ட் செய்வதாகப் பேச்சு. டோக்கனைத் தொலைத்தவனைப் பர்மனென்ட் செய்யும் கம்பெனி எதுவும் அம்பத்தூரில் கிடையாது. ஆனால், மேலே போவது கீழே வந்துதானே ஆகவேண்டும், வந்ததும் எடுத்துப் பையில் போட்டுவிடலாம் என்பது என் கணக்கு. நான் கணக்கில் ஏன் பெயிலானேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

காலை ஷிப்ட் முடிந்து வந்த அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். சாயங்காலம், காலி மனையில் நானும் என் சிநேகிதன் தாஸும் திரியைப் பற்றவைத்தோம். ராக்கெட் பனைமர உயரம் போனது. அங்கே ஒரு கணம் நின்றது. பிறகு தெருவில் அத்தனை வீடு இருக்க, கன்னியப்பன் வீட்டுப் பக்கமாகத் திரும்பி, கூரை ஓட்டை உடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

கன்னியப்பன் செத்து நாலு மாதம். செத்த நட்சத்திரம் சரியில்லை, ஆவி வீட்டைவிட்டுப் போகாது என்று ஆறு மாதத்துக்கு வீட்டை அடைத்துவிட்டார்கள். உள்ளே ஒருவரும் கால் வைக்கக்கூடாது. அவர் மனைவி தனக்கா பக்கத்துக் கொட்டகையில் இருந்துகொண்டு, தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் வந்து வாசல் மாடத்தில் அகல் ஏற்றிவிட்டுப் போவார். குழம்பில் உப்பு அதிகம் என்று அவர் செத்த அன்று இருவருக்கும் சண்டை. மனுஷன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவர், மூன்றாவது எட்டில் விழுந்துவிட்டார். தனக்கா இதைச் சொல்லி அழாத நாள் இல்லை.

தாஸைக் கூப்பிட்டேன். "மச்சான் ஏகாம்பரம், ஆவி கீற ஊடுடா அது. நான் வர்ல," என்றான். சொல்லி முடிக்கும்போதே அவன் பாதி தெரு தாண்டியிருந்தான்.

நான் மட்டும் கொல்லைச் சுவரில் ஏறி, நாலு ஓடுகளைப் பிரித்து, சமையல்கட்டில் குதித்தேன். உள்ளே ஒரே புகை. நாலு மாதம் காற்றுப் படாத வீட்டின் வாடை அதற்குள்ளும் தெரிந்தது. ஓட்டை வழியாக வந்த கொஞ்சம் வெளிச்சத்தில், தள்ளிவிட்ட தட்டு தள்ளிய இடத்திலேயே கிடந்தது. ஆணியில் அவர் சட்டை மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. (ராக்கெட் விழுந்த அதிர்ச்சியில்தான். அப்படித்தான் அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.) தீக்குச்சி கிழிக்கலாம் என்றால், வீட்டிலிருந்த அத்தனை குச்சியின் தலையும் ராக்கெட்டில் போயிருந்தது. தரையில் தவழ்ந்து தடவினேன். கையில் ஒரு செருப்பு பட்டது. பக்கத்திலேயே இன்னொன்று. பம்ப் கிடைத்தது, தொட்டதும் கை சுட்டது. அதன் வாய் காலி. டோக்கன் மட்டும் எங்கே தடவியும் இல்லை.

புகை தொண்டையில் ஏற, இருமிவிட்டேன்.

வாசலில் காலடிச் சத்தம் வந்து நின்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பிறகு மூடிய கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, ரொம்ப மெதுவாக, தனக்காவின் குரல்.

"யோவ். நீயாய்யா?"

நான் தவழ்ந்தே சமையல்கட்டு மூலைக்கு நகர்ந்தேன்.

"சோறு துன்னாம பூட்டியேய்யா. எம்மேல கோவமா கீறியா?"

அந்தக் குரலைக் கேட்டதும் பயத்தை மீறி எனக்கு அழுகை வந்துவிட்டது. பதில் சொல்லாவிட்டால் அந்த அம்மா விடியும்வரை அங்கேயே நிற்பார் என்றும் பட்டது. அந்த மூலையிலிருந்தே, "இல்ல," என்றேன். கீச்சுக்குரல். சொன்ன வேகத்தில் பின்கதவின் தாழ்ப்பாளைத் தடவி, திறந்து, பம்பைக்கூட எடுக்காமல் ஓடிவிட்டேன்.

இரவெல்லாம் தூங்கவில்லை. விடியுமுன் அப்பா சட்டைப் பையை மூன்றாம் முறை துழாவிக்கொண்டிருந்தபோது தனக்கா வாசலில் வந்து நின்றார். தெருவில் கிடந்ததாகச் சொல்லி, டோக்கனை அப்பா கையில் கொடுத்தார். முந்தானைக்குள் என் பம்ப் தெரிந்தது. அப்பா கும்பிட்டுவிட்டு ஓடினார், மறுமாதம் பர்மனென்டும் ஆனார். தனக்கா என் பக்கம் திரும்பி, "இன்னாய்யா, துன்னியா?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கே, ஊர் ஆயிரம் சொல்லியும் கேட்காமல், அடைப்பைத் திறந்து அந்த வீட்டுக்குள் குடிபோனார்.

அதன் பிறகு தெருவில் எங்கே பார்த்தாலும், நாலு பேர் நடுவில், "துன்னியாய்யா?" என்று புருஷனைக் கேட்பது போலவே என்னைக் கேட்பார். மீசை முளைத்த வயதில் எனக்கு மானம் போயிற்று.

கல்யாணமானதும் மனைவியை அழைத்துக்கொண்டு அவரிடம் ஆசி வாங்கப் போனேன். மீன் குழம்பு ஊற்றிக்கொண்டே முழுக் கதையையும் அவளிடம் சொல்லிவிட்டார். "மொதல்ல 'இல்ல'ன்னு கீச்சுகீச்சுனு ஒரு கொரலு. இது ஏகாம்பரந்தான்னு அப்பவே தெரிஞ்சிபோச்சி. இரு, உன்னைக் கவனிச்சிக்கிறேன்னு நென்ச்சேன். அப்பால கொஞ்சம் கயிச்சி, கதவுக்குப் பின்னாலயே, கிட்டக்க, அவரு மாரியே கட்டக்கொரலுல இன்னொரு 'இல்ல'. அதைக் கேட்டப்புறந்தான் எம்மனசு ஆறிச்சி. எப்டிய்யா கொரல மாத்துன?"

என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை. நான் ஒரு தடவைதான் சொன்னேன், வாசல் கதவுப் பக்கம் போகவே இல்லை என்று அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

இன்றும் வீட்டுக்கு யார் விருந்தாளி வந்தாலும் சாப்பாடு முடிந்ததும் இந்தக் கதைதான். கடைசியில் பேரப்பிள்ளைகள், "தாத்தா, அந்த ரெண்டாவது கொரலு," என்று பிடிவாதம் பிடிப்பார்கள். நானும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இல்ல," என்பேன். எல்லோரும் கைதட்டுவார்கள். எத்தனை தடவை சொல்லிப் பார்த்தும் கீச்சுக்குரல்தான் வருகிறது.