நரகத்தாரின் கீழ்த்தட்டு

சுவிஸின் சோலோதுர்ன் நகரில் வாழ்ந்த தமிழர் அத்தனை பேரையும் உயிரோடு நரகத்துக்கு அனுப்பிய பெருமை ஒரே ஒரு மனிதரைத்தான் சேரும். அதனால்தான் அவருக்கு நரகத்தார் என்று பெயர். அம்மா அப்பா வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அகதிகளுக்கென்று கொடுத்த பழைய வீடொன்றில் அவரும் நானும் மணியும் ஒரே அறையில் இருந்தோம். ஊரில் வாத்தியாராக இருந்த நரகத்தார் இங்கே உணவகத்தில் கோப்பை கழுவினார். லீவு நாளில் ஒரு பழைய தேவாலயத்தில் போய் இருப்பார். பக்தி ஒன்றும் இல்லை, அங்கே ஹீட்டர் நன்றாக வேலை செய்யும். ஹீட்டருக்கு நேர் மேலே, மத்திய காலத்தில் யாரோ சுவரில் வரைந்த நரகம். மனிதர் மதம் மாறத்தான் வருகிறார் என்று நம்பிய பாதிரியார், பாவங்களைப் பற்றி வாரக்கணக்கில் ஆங்கிலத்தில் விளக்கினார். நரகத்தார் மதம் மாறவில்லை. எங்கள் நிம்மதிதான் போனது.

"முதல்லை பாவத்தை வகுத்தவங்கள். பிறகுதான் நரகத்தைக் கட்டினவங்கள்" என்று அடுப்படியில் தொடங்குவார். "ஏழு பெரிய பாவம். ஒவ்வொண்டுக்கும் தோதா ஒரு தண்டனை. பெருந்தீனிக்காரனுக்கு வாய்க்குள்ளை தேரை தீத்திறது, பொறாமைக்காரனை ஐஸ் தண்ணியிலை அமத்திறது. புலவர்மார் அதைப் பாத்துத்தான் தட்டுத்தட்டா நரகம் பாடினவங்கள். பாரமான பாவம் கீழ்த்தட்டு."

"அப்ப கொலைகாரன்தானே அண்ணை ஆக அடியிலை?" என்றேன்.

"இல்லை. கோவத்திலை மிருகமும் கொல்லும். பொய் சொல்லி ஏமாத்திறவன் புத்தியைப் பாவிச்சுச் செய்யிறான். அவன்தான் ஆகக் கீழை."

இதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. மனிதர் தானே நரகம் பாடத் தொடங்கினார். இரண்டாம் முறை இறைச்சிக் கறி போட்டவனுக்குத் தேரை. குறட்டை விட்ட என்னைப் பாம்புக் குழியில் இறக்கினார். ஏழு பாவத்தில் குறட்டை எங்கே வருகிறது என்று கேட்டால், சோம்பலின் கிளையாம். அவரைச் சீட்டாட்டத்தில் தோற்கடித்தவர்களும் எப்படியோ எண்ணெய்க் கொப்பரைக்குள்தான் கிடந்தார்கள். அந்தக் காலத்துப் புலவர்களும் இப்படித்தான் பகை தீர்த்திருப்பார்கள் என்பது என் ஆராய்ச்சி.

ஆகக் கீழ்த்தட்டு மணிக்கு. புதிதாக வருகிறவர்களுக்கு அகதி வழக்குக்கான கதையை எழுதிக் கொடுப்பது அவன்தான். யாருக்கு எழுதினாலும் அதே தென்னந்தோப்பு, அதே பின்வேலி, அதே தப்பி ஓட்டம்.

"எங்கடை சனம் முழுக்க ஒரே வேலியாலையோ பாய்ஞ்சது?" என்று நரகத்தார் அவன் முகத்துக்கு நேரே கேட்பார்.

கடைசியில் மணியின் சொந்த வழக்கே சிக்கியது. ஊரில் இலங்கை ஆமி அவனைப் பிடித்து அடித்தது உண்மை, முதுகில் தழும்பு இருந்தது. ஆனால் கண்ட சாட்சி இல்லை. ஆகவே ஒரு வார்த்தை கேட்காமல் நரகத்தாரையே சாட்சியாகப் போட்டுவிட்டான். இருவர் ஊருக்கும் இடையில் பாதி யாழ்ப்பாணம் கிடந்தது. விசாரணைக்கு நரகத்தாரைக் கூப்பிட்டார்கள். தான் எதையும் காணவில்லை என்று அவர் சொன்னால் மணியைப் பிடித்துக் கொழும்புக்கு ஏற்றிவிடுவார்கள்.

"அண்ணை, ஓம் எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்று மணி கெஞ்சினான். அவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார்.

பின்னேரம் திரும்பி வந்தவர் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"கண்டனான் எண்டு சொல்லிப்போட்டன். அந்தப் பின்வேலியையும் சேத்துத்தான் சொன்னனான்."

மணி அப்படியே கதிரையில் இருந்துவிட்டான். "அப்ப அண்ணை, உங்களுக்கும் கீழ்த்தட்டோ?"

"ஓம். நீ அங்கையும் போய் எல்லாருக்கும் வழக்கு எழுதிக் குடுப்பாய். பாத்துக்கொள்ள ஒரு ஆள் வேணும்."

மணி அழுதான். நான் மறுபக்கம் திரும்பி நின்று, ஏற்கெனவே கழுவிய கோப்பைகளை மறுபடி கழுவினேன். அந்த மனிதரில் எனக்கு எவ்வளவு அன்பு என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.